ஓடுபாதைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

திருச்சி விமான நிலையத்தில் ஏ.டி.சி. எனும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலோ, கருவிப் பிரிவிலோ, விமான நிறுவனங்களின் தரைப் பணியிலோ, பராமரிப்பிலோ, சரக்குக் கூடத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ கருவிகளோடு வாழ்நாளைக் கழித்துவிட்டு, இப்போது ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் குடியிருப்பவன். பதவியில் இருந்தபோது எனக்குக் கீழே வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னதைத்தான் இங்கே எண் போட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் காலம் சாதாரணமானதல்ல. உள்நாட்டு விமானப் பயணத்தில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்தபடி இந்தியாதான். 2024-இல் உள்நாட்டில் மட்டும் 16 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள். அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று ஒரே நாளில் பறந்தவர்கள் எண்ணிக்கை முதன்முறையாக 5 லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கட்டுப்பாட்டாளரும் விமானியும் பொறியாளரும் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். நிலம் கிடைக்க அதைவிட நாளாகும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் இத்தனை கருவிகள் வருகின்றன. ஒரு நல்ல கருவி நமக்குக் கொடுப்பது அவகாசம். இரண்டு விமானங்களுக்கு நடுவே, ஒரு பிழைக்கும் அதன் விளைவுக்கும் நடுவே, கொஞ்சம் கூடுதல் அவகாசம். அதை மொத்தமாக அட்டவணைக்குத் தாரை வார்த்துவிடாமல் காப்பதுதான் உங்கள் வேலை என்று நான் நம்புகிறேன்.

1. நிற்கிற மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1938-இலேயே டாடாவின் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போனது. 2012 அக்டோபரில் நம் நிலையம் பன்னாட்டு விமான நிலையமானது. 2024 ஜனவரி 2 அன்று புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரை, நெரிசல் நேரத்தில் 3,500 பேரைக் கையாளும் கட்டடம். கோலமும் கோபுர வண்ணங்களும் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் ஓடுபாதை அதே ஒன்று, அதே 8,136 அடி. அதை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பாதுகாப்புத் துறை நிலம், பட்டா நிலம் என்று ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. வைகுண்ட ஏகாதசி அதிகாலையில் எங்கள் ஊருக்கு எத்தனை லட்சம் பேர் வந்தாலும் பரமபத வாசல் ஒன்றுதான். மண்டபத்தைப் பெரிதாக்கியதால் வாசல் அகலமாகிவிடாது. முனையம் பெரிதானதைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை விமானம் வேண்டுமானாலும் இறக்கலாம் என்று யாராவது பேசினால், ஓடுபாதையின் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

2. ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதோடு, எப்படி நின்றுபோகும் என்பதையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

விமானம் தரையிறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ்.ஸை எடுத்துக்கொள்கிறேன், என் கைபட்ட கருவி என்பதால். ஓடுபாதையின் மறுகோடியில் வரிசையாக நிற்கும் ஆன்டெனாக்கள்தான் லோக்கலைசர். ஒரே அலைவரிசையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஓசைகளை ஏற்றி அனுப்புகிறது. இறங்க வரும் விமானம் நடுக்கோட்டுக்கு இடப்புறம் விலகினால் 90 ஓங்கும். வலப்புறம் விலகினால் 150 ஓங்கும். இரண்டும் சமமாக இருக்கும் இடம்தான் நடுக்கோடு. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு பாத் கருவியும் இதே கணக்கில் மேலும் கீழுமாக வேலை செய்து, ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் விமானத்தைக் கூட்டி வருகிறது. மழை இருட்டில் தரை தெரியாமல் வரும் விமானிக்கு இந்த இரண்டு ஓசைகளின் வித்தியாசமே பாதை.

புதியவர்கள் இதுவரை கற்றுக்கொண்டு போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். நான் அவர்களை மானிட்டர் பக்கம் அழைத்துப் போவேன். அனுப்பும் அலையைத் தானே திரும்ப வாங்கி அளந்துகொண்டே இருக்கும் பகுதி அது. நடுக்கோடு அனுமதித்த அளவைவிடச் சற்று நகர்ந்தாலும், சில வினாடிகளில் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மாற்று டிரான்ஸ்மிட்டரும் சரியில்லை என்றால் அலையே இருக்காது. விமானியின் முன்னால் எச்சரிக்கைக் கொடி விழும். அலை வரவில்லை என்றால் விமானி மேலே ஏறி வேறு வழி பார்ப்பார். தவறான அலை வந்தால் அதை நம்பி இறங்குவார். இதை வடிவமைத்தவர்கள் அந்த இரண்டாவது ஆபத்தை நினைத்துத்தான் இரவு பகலாக உழைத்திருக்கிறார்கள். மானிட்டர் அடிக்கடி கருவியை நிறுத்துகிறது, அதன் உணர்திறனைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமா என்று அவசரத்தில் யாராவது கேட்டால், உங்கள் பதில் எப்போதும் மாட்டேன் என்பதாக இருக்கட்டும். விமான நிலைய ஆணையத்தின் சோதனை விமானம் அவ்வப்போது வந்து பறந்து அளந்து பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். ஒரு மாதம் படித்துத் தெரிந்துகொள்வதை அன்று ஒரு பகலில் தெரிந்துகொள்ளலாம்.

3. 2018 அக்டோபர் 12-ஐ மனப்பாடம் செய்யுங்கள்.

நம் நிலையத்தில் வேலை செய்யும் எவரும் இதை அறியாமல் இருக்கக் கூடாது. நள்ளிரவு தாண்டி, துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம், மேலெழும்போது லோக்கலைசர் ஆன்டெனாவை உடைத்து, சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு பறந்தது. உள்ளே 136 உயிர்கள். கீழிருந்து எச்சரித்தார்கள், மேலே எல்லாக் கருவிகளும் சீராகக் காட்டியதால் விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். கடைசியில் விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு விடியற்காலையில் பத்திரமாக இறங்கியது. அடிவயிறு கிழிந்திருந்தது.

விசாரணையில் தெரிந்தது என்ன? ஓடும்போது விமானியின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னால் சரிந்தது. அந்தத் தடுமாற்றத்தில் என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் லீவர் பின்னுக்கு வந்துவிட்டது. விசை குறைந்ததை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை. ஓடுபாதையில் வேகம் கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்று எச்சரிக்கும் கருவி அந்த ரக விமானத்தில் இல்லை. விமானம் எழும்புவதற்குள் பாதை தீர்ந்துபோயிற்று.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது இரண்டு. ஒன்று, ஒரு இருக்கையின் பூட்டு. அதை யாரும் தொழில்நுட்பம் என்று மேடையில் பேச மாட்டார்கள். ஆனால் அந்த இரவு 136 பேரின் உயிர் அதில் தொங்கியது. இரண்டாவது, மேலே காட்டுவதும் கீழே பார்ப்பதும் முரண்பட்ட அந்த நிமிடங்கள். விமானத்தின் திரையில் எல்லாம் பச்சை. தரையில் உடைந்த ஆன்டெனாவும் செங்கற்களும். இப்படி முரண்பாடு வரும்போது தரையில் கிடக்கும் பொருளுக்கு மரியாதை கொடுங்கள். சுவர் தானாக இடிந்துவிடாது. உங்கள் கண் பார்த்ததை மேலதிகாரியிடமும் விமானியிடமும் தெளிவாக, திரும்பத் திரும்ப, தயங்காமல் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்ற கூச்சம் வேண்டாம்.

4. வானத்திலிருந்து வரும் வழிகாட்டியைக் கற்றுக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும் வழிகாட்டியைக் கைவிடாதீர்கள்.

ககன் என்பது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய அமைப்பு. ஜி.பி.எஸ். தரும் இடக்கணக்கில் உள்ள பிழையைத் தரை நிலையங்கள் அளந்து, திருத்தத்தை ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்துக்கு அனுப்பும். பிழை எல்லை மீறினால் சில வினாடிகளில் நம்பாதே என்றும் சொல்லும். நம் நிலப்பரப்பில் இது எளிதில் கைகூடிய காரியமல்ல. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் வழியாகப் போகிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததே அதனால்தான். இந்தப் பகுதியின் மேலே அயனி மண்டலம், குறிப்பாகப் பொழுது சாய்ந்த பிறகு, கலங்கிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் அலை அதில் தடுமாறும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதிய கணக்கு இங்கே செல்லாது என்று நம் விஞ்ஞானிகள் தாங்களே ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். 2015 ஏப்ரலில் விமானம் தரையிறங்கவும் உதவும் தகுதிச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககன் துணையோடு இறங்கிக் காட்டியது.

வளரும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள். சேலம் மாதிரிச் சிறிய நிலையங்களில் எல்லா முனையிலும் ஐ.எல்.எஸ். நடுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும். ககன் இருந்தால் ஆன்டெனா இல்லாத ஊரிலும் விமானி சரிவைப் பிடித்து இறங்கலாம். இதைப் பற்றி எனக்கு உண்மையான பெருமை உண்டு. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

ஆனால் செயற்கைக்கோள் அலை மிக மெல்லியது. வேண்டுமென்றே பொய் அலை அனுப்பி அதை ஏமாற்றலாம். 2025-இல் டெல்லி அருகே செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் இறங்க வந்த சில விமானங்கள் அப்படிப்பட்ட குறுக்கீட்டைச் சந்தித்தன என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தரைக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் வேலை தடைப்படவில்லை. பழைய வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். போன்ற தரைக் கருவிகள் எல்லாம் செலவு, கழற்றிவிடலாம் என்று ஒருநாள் உங்கள் மேசைக்குக் கோப்பு வரும். அதில் கையெழுத்திடும் முன் டெல்லியை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. கையால் செய்யும் வேலையை மறக்காதீர்கள்.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் டெல்லியில் செய்திகளைப் பரிமாறும் அமைப்பு பழுதானபோது, விமானங்களின் பயணத் திட்டங்கள் தானாகத் திரைக்கு வருவது நின்றது; கட்டுப்பாட்டாளர்கள் கையால் பதிந்து வேலை பார்த்தார்கள்; 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. தாமதம் ஆயின, அவ்வளவுதான். ஒன்றோடொன்று மோதவில்லை. கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், வேகத்தைக் குறைக்கவும் துணிந்தார்கள்.

உங்கள் தலைமுறை விமான விவரங்களைக் காகித ஸ்ட்ரிப்பில் எழுதிப் பழகாமலே கட்டுப்பாட்டு டவருக்கு ஏறிவிடக்கூடும். மாதம் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, திரை இல்லாமல் எப்படி வரிசைப்படுத்துவது என்று பயிற்சி எடுங்கள். தரைப் பணியில் இருப்பவர்கள் எடைக் கணக்கையும் இருக்கைப் பகிர்வையும் தாளில் போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

6. அட்டவணை மென்பொருள் ஆள்கணக்கை உண்டாக்காது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு பார்த்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்திருந்தது. இரவில் இறங்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்திருந்தது. களைப்பைக் குறைக்க வந்த நல்ல விதிகள். அதற்கேற்ற விமானிகள் கைவசம் இல்லாமல் இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. உலகத் தரமான ரோஸ்டர் மென்பொருள் எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. இருக்கும் ஆட்களை அது நெருக்கி அடுக்கும்; இல்லாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாது. நெருக்க நெருக்க, ஒரு இடத்தில் தட்டினால் எல்லாம் விழும். ரோஸ்டர் பிரிவுக்குப் போகும் பிள்ளைகளே, திரை 98 சதவீதப் பயன்பாடு என்று காட்டினால் மகிழாதீர்கள். மிச்சம் எங்கே என்று கேளுங்கள்.

களைப்பு விஷயத்தில் உங்களையும் சேர்த்தே சொல்கிறேன். வளைகுடா விமானங்களும் தென்கிழக்காசிய விமானங்களும் இரவில்தான் நெருக்கமாக வருகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து நேராகக் காவிரிப் பாலம் தாண்டி பைக்கில் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அரைமணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

7. வேலை நேரத்தில் தொலைபேசித் திரையும் வேலைத் திரையும் ஒன்றல்ல.

2024 அக்டோபர் 11 மாலை, 141 பயணிகளோடு திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. அந்த ரக விமானத்தால் எரிபொருளை வானில் கொட்ட முடியாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வானில் வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் அணிவகுத்து நின்றன. இரவு எட்டு மணி தாண்டிப் பத்திரமாக இறங்கியது. தமிழ்நாடே அந்த வட்டங்களைச் செல்போன் செயலியில் பார்த்துக்கொண்டிருந்தது. விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. அலையை ஆர்வலர்கள் வீட்டு மாடியில் வைத்த சிறு கருவிகள் பிடித்து அனுப்புவதால் அது முடிகிறது.

மக்கள் பார்ப்பதில் குற்றமில்லை. அவர்கள் பிள்ளைகள்தானே மேலே இருந்தார்கள். உள்ளே இருக்கும் நீங்கள் அந்த வட்டத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, விமானி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அந்த இரண்டு மணி நேரம் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் அவசரப்படாமல் இருந்தார்கள். உடனே இறக்கு என்ற கூச்சல் அவர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் தரையில் இருப்பவர் கடமை.

8. பராமரிப்புப் பிள்ளைகளுக்கு: கையெழுத்து உங்களுடையது.

ஏ330, ஏ320 என்று எதைத் தொட்டாலும் இன்று கணினிதான் பழுதைச் சொல்கிறது. நல்லது. ஆனால் 2025 நவம்பர் கடைசியில், கடும் சூரியக் கதிர்வீச்சு ஒரு கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்து, உலகம் முழுக்க ஏறத்தாழ 6,000 ஏ320 ரக விமானங்களில் மென்பொருளை அவசரமாக மாற்ற வேண்டி வந்தது. நம் நாட்டுப் பொறியாளர்கள் இரவோடு இரவாக அதை முடித்தார்கள். பிராட் அண்ட் விட்னி என்ஜின்களின் உலோகத் தூளில் கலந்த மாசு 2023-இல் தெரியவந்தபோது, வாங்கிச் சில ஆண்டுகளே ஆன விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. புதியது என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டார்ச்சையும் ஆய்வுக் கண்ணாடியையும் பையில் வைத்திருங்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. வேலிக்கு வெளியேயும் உங்கள் வேலை இருக்கிறது.

சுற்றுவேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் 200 அடிக்கு மேலே ட்ரோன் பறக்க, 2021 ட்ரோன் விதிகளின்படி விமானக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். ஸ்ரீரங்கம் ஏறக்குறைய அந்த வளையத்தில்தான் வருகிறது. எங்கள் ராஜகோபுரம் 236 அடி. அதாவது, ட்ரோன் கோபுர உச்சியை எட்டும் முன்பே எல்லை முடிந்துவிடும். மலைக்கோட்டை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமை. கல்யாண வீடியோ எடுக்க வரும் தம்பிகளில் பலருக்கு இது தெரியாது. கோயிலுக்கென்று போலீஸ் கட்டுப்பாடும் தனியாக உண்டு. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை எப்படிப் பார்ப்பது என்று உங்கள் தெருவில் உள்ள ஒரு போட்டோகிராபருக்காவது சொல்லிக் கொடுங்கள்.

உயரமான கட்டடங்களும் அப்படித்தான். விமான நிலையத்தைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில், எங்கள் ஸ்ரீரங்கம் தீவு வரைக்கும்கூட, அடுக்குமாடி எவ்வளவு உயரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதற்கான தடையின்மைச் சான்றை இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். முன்பு மாதக்கணக்கில் இழுத்த வேலை இது. தொழில்நுட்பம் எளிய மக்களுக்கு உதவியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மனையின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தப்பாகக் கொடுத்தால் மொத்தமும் வீண். அளப்பவர் நேர்மையாக அளக்க வேண்டும்.

பறவைகளைச் சொல்லாமல் விட முடியாது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் திறந்தவெளியில் ஆடுமாடு அறுப்பதையும் விமானச் சட்ட விதிகள் நெடுங்காலமாகத் தடுத்தே வந்திருக்கின்றன. ஆனாலும் பல பத்தாண்டுகளாக நம் மாநகரின் குப்பை சேர்ந்தது சில கிலோமீட்டரில் உள்ள அரியமங்கலத்தில். இப்போது அந்தக் குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. அதை முழுமையாக முடிக்க வேண்டும். பருந்து ஒன்று என்ஜினுக்குள் போனால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. வெடி, ஒலிபெருக்கி, லேசர் என்று விரட்டக் கருவிகள் இருக்கின்றன. பறவைக்குச் சோறு கிடைக்காமல் செய்வதே முதல் வழி.

10. பயணியை முகமாகப் பாருங்கள், முக அடையாளமாக மட்டும் பார்க்காதீர்கள்.

நம் நிலையத்தின் பயணி யார்? புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர், சிவகங்கையிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர். முதல் பயணத்தில் நிலத்தை அடகு வைத்த காசு அவர் பையில் பயணச்சீட்டாக இருக்கிறது. இந்த நிலையத்தை வாழவைப்பது அவர்தான். அவருக்குக் கியோஸ்க்கில் ஆங்கிலம் தடுமாறும். பெண்மணி ஒருவர் மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போகிறார் என்றால், தானியங்கிக் கதவு திறப்பதற்காகக் காத்து நிற்பார், எங்கே கார்டை வைப்பது என்று தெரியாமல்.

டிஜி யாத்திரையில் முகத்தைக் காட்டி உள்நாட்டு விமானத்துக்குப் போகலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய நல்ல வசதி. ஆனால் அது விருப்பம், கட்டாயமல்ல. வரிசையை வேகப்படுத்துகிறேன் என்று, கேட்காமல் யாருடைய முகத்தையும் பதியாதீர்கள். கவுன்டரில் வந்து போர்டிங் பாஸ் கேட்பவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அறிவிப்புகள் முதலில் அந்தந்த ஊர் மொழியில் வர வேண்டும் என்ற உத்தரவு 2018-இல் வந்தது. திருச்சியில் அது தமிழ். பதிவு செய்த குரல் கரகரத்தால், மைக்கை எடுத்து நீங்களே நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொல்லுங்கள். கேட் மாறிய செய்தி புரியாமல் விமானத்தைத் தவறவிட்ட ஒரு தொழிலாளிக்கு வேலையே போய்விடலாம்.

முதல்முறை போகும் தம்பிகளிடம் இன்னொன்றையும் எச்சரியுங்கள்: முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதே என்று. கடத்தல் பொருளைச் சுமந்து போகும் ‘குருவி’களைப் பிடிக்க எக்ஸ்ரேயும் சுங்க அதிகாரிகளின் அனுபவமும் கூர்மையாகிக்கொண்டே வருகின்றன. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏவியவன் அல்ல, சுமந்தவன்.

11. சரக்குக் கூடத்தைக் குறைவாக எண்ணாதீர்கள்.

காய்கறியும் பூவும் கீரையும் இங்கிருந்து பயணிகள் விமானங்களின் வயிற்றில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகின்றன. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காவிரிக் கரை முழுக்க வாழை. சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணம் பதிவது நிமிட வேலையாகிவிட்டது. ஆனால் ஆவணம் நகரும் வேகத்தில் குளிர்பதன வசதியும் பெருக வேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற மல்லிகைக்கு எந்த மென்பொருளும் மணம் திருப்பித் தராது. இந்தக் கோரிக்கையை விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் எழுப்பும்போது, உள்ளே இருக்கும் நீங்கள் எண்களோடு துணை நில்லுங்கள்.

12. விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள். பிறகு அடுத்தவரைக் கூட்டி வாருங்கள்.

விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று 21 உயிர்களைக் கொண்டுபோன விபத்தின் அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பாடப்புத்தகம் சொல்லாத எத்தனையோ விஷயங்களை அவை சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இயற்பியலும் கணிதமும் படித்த பெண்பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறார்கள். பலருக்கு ஏ.டி.சி. என்று ஒரு வேலை இருப்பதே தெரியாது. விமான நிலைய ஆணையத்தின் இளநிலை அதிகாரி தேர்வுக்கு இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி. போதும், பொறியியல் பட்டமும் செல்லும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. கடந்த அறிவிப்புகளில் பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. நீங்கள் படித்த கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை போய், மூன்றாம் ஆண்டு வகுப்பில் அரைமணி நேரம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.